முட்டு வலிக்குது என்று நான் சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மைசூரில் ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதம் நடந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. வெளியே விடாத சாரல். ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காபி குடிக்கிற குளிர். எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் என் மருமகள். அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். தைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று முகம் சிவக்கும், கழுத்தில் வேர்வை வழியும். துணியைத் தள்ளிவிட்டு எழுந்து போய் ஃபேனுக்கு நேர் கீழே நிற்பாள். ஐந்து நிமிடம் கழித்து அவளே குளிருகிறது என்று சால்வையைத் தேடுவாள். ஒரு மாதம் தீட்டு வராது, அடுத்த மாதம் இரண்டு முறை வரும். தூக்கம் போய்விட்டது. உப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது என்று சொன்ன என் மகனிடம் அரை மணி நேரம் சண்டை போட்டு, பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்டால், தெரியவில்லை என்று சொல்லி அதற்கும் அழுதாள்.

நான் அவளுக்கு பாய்லர் என்று பெயர் வைத்தேன்.

"அம்மிணி, உன்ற தலை மேல ஒரு குண்டான் தண்ணி வெச்சா எனக்குக் குளிக்க ஆவும். கேஸு மிச்சம்" என்பேன்.

அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை விடக் கன்னடம்தான் அவள் வாயில் சரளம். "நீங்க சும்மா இருக்க மாட்டீங்க அல்வா, அத்தே?" என்பாள். அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா' என்று அர்த்தம். "அல்வா எல்லாம் எனக்கு ஆகாது கண்ணு, சக்கரை இருக்குது" என்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஒரே பதிலைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த மாதம் அவள் சிரிக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது அறுபத்தேழு. பிறந்தது தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளியில். மூன்றாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கீழே வைத்தவள். கல்யாணமாகி மைசூருக்கு வந்து ஐம்பது வருடமாகிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் தீட்டு நின்றது. ஒரு மாதம் வந்தது, அடுத்த மாதம் வரவில்லை, அத்தோடு சரி. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போன குடித்தனக்காரி மாதிரி. எனக்கு வேர்க்கவில்லை, எரியவில்லை, யார் மேலும் பாயவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் கடைசி விஷயத்தை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார், அது வேறு. ஆக, இந்த வேர்வையும் அழுகையும் இந்தக் காலத்துப் பெண்களின் சொகுசு என்று நான் தீர்மானித்து வைத்திருந்தேன்.

நின்றதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. எங்கள் வீட்டில் தூரமான நாட்களில் சாமி அறைக்குப் போகக்கூடாது. மருமகளுக்கும் பேத்திக்கும் மாதத்தில் அந்த நாட்கள் உண்டு. எனக்குத்தான் இல்லையே. அதனால் விளக்கேற்றுவது நிரந்தரமாக என் வேலையாகிவிட்டது. அதோடு ஆஷாட வெள்ளிக்கிழமை. மைசூரில் ஆஷாட வெள்ளி என்றால் சாமுண்டி மலைதான். பதினைந்து வருடமாக ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்லை. படி ஏறித்தான் போவேன். வழியில் இருக்கும் நந்தி சிலை வரைக்கும் ஒரே மூச்சு, அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, கீழே மெதுவாக ஏறி வரும் சின்ன வயதுப் பெண்களைக் கேலி செய்வேன். பிறகு மீதிப் படி.

அந்த வருடம் நான் மலைக்குப் போகவில்லை.

ஆஷாடத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால், ஒருநாள் குளிக்கப் போனபோது பாவாடையில் ஒரு கறை பார்த்தேன். சின்னதுதான், பொட்டு வைத்த அளவு. வெற்றிலைக் கறையோ என்றுகூட நினைத்தேன், நான் வெற்றிலையே போடுவதில்லை. இரண்டு நாளில் நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தது.

பலாப்பழக் காலம் அது. நானும் கணக்கில்லாமல் தின்றிருந்தேன். உடம்பு சூடு என்று முடிவு செய்தேன். சீரகத் தண்ணீர் குடித்தேன், ஊற வைத்த வெந்தயம் விழுங்கினேன், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தேன். கௌதள்ளியில் இருக்கும் என் அக்காவுக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன். "பழசு ஏதாச்சும் உள்ள தங்கியிருந்திருக்கும் புள்ள. வெளிய வந்தா நல்லதுதான். பலாப்பழத்தை மட்டும் நிறுத்து" என்று அவள் வைத்தியம் சொன்னாள். என்னை விட ஒரு வகுப்பு கூடப் படித்தவள் என்பதால் நானும் நம்பினேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அறுபத்தேழு வயதில் போய் மருமகளிடம் இதை எப்படிச் சொல்வது? வெட்கம் ஒரு பக்கம். உண்மையைச் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனசின் ஒரு ஓரத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மருமகளுக்கு நிற்கப் பார்க்கிறது, எனக்குத் திரும்ப வருகிறது. நான் இன்னும் ஓய்ந்துவிடவில்லை என்று உடம்பே சாட்சி சொல்வதாக நினைத்துக்கொண்டேன். இவ்வளவு முட்டாள்தனத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாகவே வரும்.

ஆனால் கறை பட்ட நாளில் விளக்கேற்ற மனசு வரவில்லை. பழக்கம் விடுமா? யாருக்கும் தெரியாவிட்டாலும் சாமிக்குத் தெரியுமே என்று பயம். அதனால் ஒரு பொய் கண்டுபிடித்தேன். "முட்டு வலிக்குது கண்ணு. கீழ குத்தவெச்சா எந்திரிக்க முடியல. நீயே ஏத்திரு" என்றேன். எங்கள் பேச்சில் முழங்கால் மூட்டை முட்டு என்போம். ஆஷாடத்தின் முதல் வெள்ளிக்கும் அதே முட்டு. இரண்டாம் வெள்ளிக்கும் அதே முட்டு. மருமகள் தைலம் வாங்கிவந்து தேய்த்தே விட்டாள். ஒன்றுமில்லாத காலுக்கு நன்றாகத் தேய்த்துவிட்டால் எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் தேய்க்கும்போதுகூட, "மெதுவா அம்மிணி, உன்ற கை சூட்டுல தைலம் கொதிச்சிரும்" என்று கேலி செய்தேன்.

மூன்றாவது வாரத்தில் மருமகள் ஒரு தப்பு செய்தாள். கல்யாணப் பெண் ஒருத்தி கொடுத்த பட்டு ரவிக்கைத் துணியில் கைப்பக்கம் இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டாள். இருபது வருடத்தில் அவள் கத்தரிக்கோல் இப்படித் தப்பிப் போனதில்லை. வெட்டின துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு கையும் வலக்கையா இருந்தா என்ன, அந்தப் புள்ள புருசனை நல்லா மொத்தட்டும்" என்று நான் சொன்னதற்கு, அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள்.

என் மகனுக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. நான் துணைக்குப் போனேன். துணைக்கு என்று சொன்னாலும், டாக்டர் இவளைத் திட்டி அனுப்புவதை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

டாக்டர் பெண்தான். ஐம்பது வயதுக்குள் இருக்கும், காது பக்கம் நரை. கன்னடத்தில் பேசினார். மருமகள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார். திட்டவே இல்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. எத்தனை மாதமாக இப்படி, இடையில் எத்தனை நாள், எவ்வளவு போகிறது, வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததுண்டா என்று கேட்டார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன், தப்பிருந்தால் அது என்னுடையது.

கருப்பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சூலகங்கள் இருக்கின்றனவாம். பெண் பிறக்கும்போதே அதில் முட்டைகள் அடங்கியிருக்குமாம். வயது ஏற ஏற அது தீர்ந்துகொண்டே வரும். தீர்கிற காலத்தில், மாதாமாதம் உடம்புக்கு வந்துகொண்டிருந்த ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஒழுங்காக வராது. ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். சில வருடம் இப்படி இழுத்தடித்த பிறகுதான் ஒரேயடியாக நிற்கும். எங்கள் தெருவில் மழை நாளில் கரண்ட் ஏறி இறங்கும்போது டியூப்லைட் கண்ணடிக்கும், மிக்ஸி உறுமும், ஃபேன் திடீரென்று பறக்கும். மிக்ஸியில் கோளாறு இல்லை, வருகிற கரண்ட் அப்படி. இதுவும் அதே கதைதான் என்று எனக்குப் புரிந்தது.

அதனால்தான் இந்தத் திடீர்ச் சூடும் வேர்வையும். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், அழுகை, மறதி, மூட்டு வலி எல்லாம் இதில் வரலாம். அந்தரங்க இடம் உலர்ந்துபோய் எரிச்சல் வரலாம், புருஷனோடு சேரும்போது வலிக்கலாம். பிற்பாடு எலும்பும் பலம் குறையும். இதையெல்லாம் அவர் காய்கறிப் பெயர் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். என் மருமகள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் நின்றுவிடும், அது அவர்கள் உடம்பு வாகு, இன்னொருத்திக்கு அப்படி இல்லையென்றால் அவள் நடிக்கிறாள் என்று அர்த்தமில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாரா, என் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்தாரா, தெரியவில்லை.

இது நோய் இல்லை, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டியதும் இல்லை என்றார். தைராய்டும் ரத்தசோகையும் இருந்தாலும் இப்படியெல்லாம் வரும் என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். தினமும் நடக்க வேண்டும், ராகி, பால், கீரை சேர்க்க வேண்டும், காலை வெயில் படவேண்டும், காபியைக் குறைக்க வேண்டும். தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் ஹார்மோன் மாத்திரை உண்டு, ஆனால் பரிசோதனை செய்த பிறகுதான். மார்பில் புற்றுநோய் வந்தவர்களுக்கும், ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி அவதிப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம் என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

எழுந்திருக்கப் போகிற நேரத்தில் கடைசியாக ஒன்று சொன்னார். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அப்படி நின்ற பிறகு, ஒரு சொட்டு, ஒரு கறை பட்டாலும் அடுத்த நாளே வந்து காட்ட வேண்டும். அது தூரம் இல்லை. பல பேருக்குச் சின்ன விஷயமாக இருக்கும், சில பேருக்குக் கருப்பையில் புற்றுநோயாக இருக்கும், பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

நான் தரையைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. எத்தனை கட்டம் என்று எண்ண ஆரம்பித்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் மருமகளின் அம்மா என்று நினைத்திருக்கிறார். அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது என்று தெரிந்தால் மகளுக்கு ஒரு உத்தேசம் சொல்லலாமாம். மருமகள், "அம்மா அல்ல டாக்டர், நம்ம அத்தே" என்று திருத்தினாள். பரவாயில்லை, இந்த நாற்காலியில் உட்காருகிற எல்லாரையும் கேட்பேன் என்று சிரித்துவிட்டுக் கேட்டார்:

"நிமகெ முட்டு நிந்து எஷ்டு வர்ஷ ஆய்து, அஜ்ஜி?"

இதில்தான் எல்லாம் இருக்கிறது. முட்டு என்றால் கன்னடத்தில் மாதவிலக்கு. நின்று எத்தனை வருடம் ஆயிற்று பாட்டி என்பது கேள்வி. ஐம்பது வருடம் மைசூரில் இருந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமல் வேலை செய்கிற வாய். வலது முழங்காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே, "எல்லி நிந்திதெ டாக்டரம்மா? முட்டு எரடு திங்களிந்த பர்தா ஹோக்தா இதெ" என்றேன். எங்கே நின்றது, முட்டு இரண்டு மாதமாக வருவதும் போவதுமாக இருக்கிறது என்று.

மருமகள் சிரித்துவிட்டாள். "அத்தேக்கு முட்டு வலி டாக்டர், தமிழ்ல சொல்றாங்க" என்றாள். வாசலில் நின்ற நர்சும் சிரித்தாள். மறைப்பதற்காக அதைச் சொன்னேனா, எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேனா என்பது இன்றுவரை எனக்கே தெரியாது.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மண்டியா, முட்டா?"

கன்னடத்தில் முழங்காலுக்கு மண்டி என்று பெயர். மண்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஒரு தைலத்தை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார். பேச்சுக்குப் பஞ்சமில்லாத எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. முழங்காலில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மருமகளின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தையல்காரி. ஒரு இடத்தில் நூல் பிரிந்தால் அது எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடித்துவிடுவாள். நான் விளக்கேற்றாத நாட்களை அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கோர்ப்பது எனக்குத் தெரிந்தது.

"அத்தே, நீங்க மலைக்குப் போகாதது இதுக்கா? விளக்கு வைக்காதது இதுக்கா?"

"ஆமா கண்ணு" என்றேன்.

அன்றே என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்று மேலே எடுத்தது போதாது என்று உள்வழியாகவும் எடுத்தார்கள். கருப்பையின் உள்தோல் என் வயதுக்கு இருக்க வேண்டியதை விட நிறையத் தடித்திருக்கிறதாம். இரண்டு நாள் கழித்து அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வலித்தது. நான்கு பெற்று ஒன்றைத் தங்க வைத்துக்கொண்டவள் நான், அந்த வலிக்குப் பயப்படவில்லை. முடிவு வர பத்து நாள் ஆகும் என்றார்களே, அதற்குத்தான் பயந்தேன்.

முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது மருமகள் வெளியே சாரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு அதன் கீழே நின்றபடி பேசினாள்.

"ரெண்டு மாசமா என்னை பாய்லர் பாய்லர்னு சிரிச்சீங்க. நான் ஒந்து வார்த்தை திருப்பிச் சொல்லல. உங்க உடம்புல என்ன நடக்குதுன்னு எங்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் வரல அல்வா?"

அல்வாவுக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. அவள் தேய்த்துவிட்ட தைலத்தின் வாசனை இன்னும் என் சேலையில் இருந்தது.

அந்தப் பத்து நாள் நான் யாரையும் கேலி செய்யவில்லை. வேண்டுமென்று இல்லை, எதுவும் தோன்றவில்லை. என் மகனுக்கு அதுதான் பயமாகிவிட்டது. அவன் வேண்டுமென்றே சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். நான் சரியாகப் போட்டுவிட்டு அனுப்பினேன். அவன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். புளியை வருஷத்துக்குப் போதும்படி கொட்டை எடுத்து வைத்தேன். ஊறுகாய் ஜாடிகளைத் துடைத்து வரிசையாக வைத்தேன். மருமகள் அதைப் பார்த்துவிட்டு ஜாடிகளை வேண்டுமென்றே கலைத்து வைத்தாள். "இருக்குற இடத்துல இருக்கட்டும். நீங்கதானே எடுக்கப் போறீங்க" என்றாள்.

பத்தாம் நாள் இருவரும் மறுபடி அதே கட்டம் போட்ட தரையில் போய் உட்கார்ந்தோம். டாக்டர் காகிதத்தைப் படித்தார். புற்றுநோய் இல்லை. ஆனால் அதை நோக்கிப் போகிற மாதிரி உள்தோலின் செல்கள் மாறத் தொடங்கிவிட்டன. விட்டிருந்தால் எத்தனை மாதத்தில் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டோம். யாராலும் சொல்ல முடியாது, நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டதால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்றார். இந்த வயதில் கருப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது, கொஞ்சம் கனத்த உடம்பும்கூட. அப்படிப்பட்டவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதலாம். பலாப்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். அக்காவிடம் அதைச் சொன்னபோது, டாக்டருக்கு என்ன தெரியும் என்றாள்.

அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் பெயரைக் கோடு தாண்டிப் பெரிதாக எழுதினேன். "இனி இது எங்க வீட்டுக்குத் திரும்பி வராதில்ல டாக்டரம்மா?" என்று கேட்டேன். வராது என்றார். அப்போது அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. ஆனால் அது என் பேச்சுக்கு இல்லை, கோடு தாண்டின என் கையெழுத்துக்கு என்று நினைக்கிறேன்.

எடுத்த கருப்பையையும் பரிசோதித்து, அதிலும் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மருமகளுக்கு ரத்தசோகை இருந்தது. அதற்கு மருந்து, பிறகு எல்லாம் பரிசோதித்து ஹார்மோன் மாத்திரை கொஞ்ச காலத்துக்கு. இரண்டு மூன்று மாதத்தில் ஃபேன் ஐந்திலிருந்து இரண்டுக்கு வந்தது. தூக்கம் வந்தது. கத்தரிக்கோல் பழையபடி நேராகப் போயிற்று. நான் படுத்துக்கொண்டிருந்த ஆறு வாரமும் விளக்கேற்றியது அவள்தான். தூரமான நாட்களிலும் ஏற்றினாள். நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஆஷாட வெள்ளிக்கு நாங்கள் இருவரும் படி ஏறினோம். நந்தி பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, சுற்றிலும் கூட்டம் இருக்கும்போதே, அவள் என் காலைத் தட்டி, "முட்டு எப்படி இருக்கு அத்தே?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இதையே கேட்கிறாள். யாராவது கேட்டால் முழங்காலைப் பற்றி விசாரிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். "நின்னு போச்சு கண்ணு, இனி வராது" என்பேன்.

இப்போதும் எங்கள் தெருவில் யாராவது எனக்கு நின்று இத்தனை வருடம் ஆயிற்று என்று பேச்சை எடுத்தால், அதற்கப்புறம் எப்போதாவது கறை பட்டதா என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது என் முகத்தில் சிரிப்பு இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். பழக்கமில்லாததால் அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எழுபது வருடமாக நான் சொன்ன எல்லாவற்றுக்கும் ஊரே சிரித்திருக்கிறது. சிரிக்காமல் என்னைப் பார்த்தது அந்த ஒரு டாக்டர்தான், அன்று அவரும் சிரித்திருந்தால் இந்தக் கதையை நான் இல்லாத வீட்டில் என் மருமகள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாள்.